கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? உவரிக் கடலில் சொந்தப் படகு விட நினைப்பவர்களுக்கு

திசையன்விளைத் தம்பி ஒருவர், துபாயில் வேலை பார்ப்பவர், கேட்டிருப்பது இது. 18 அடி ஃபைபர் படகும் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினும் வாங்கி உவரியில் போடப்போகிறார். மீன் பிடிக்கவோ வாடகைக்கு விடவோ எண்ணமில்லை. லீவுக்கு வரும்போது குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் கடலைச் சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். "அண்ணாச்சி, வரும்போது நல்ல வாக்கிடாக்கி ரெண்டும் ஒரு சாட்டிலைட் போனும் வாங்கிட்டு வந்தா போதுமா? லைசென்ஸ் எடுக்கணுமா? இல்ல, பேசாம மணிமுத்தாறு அணையில விட்டுருவமா?"

தம்பி, முதலில் அந்த சாட்டிலைட் போனை மறந்துவிடுங்கள். துரையா, இரிடியம் வகைப் போன்களைத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வருவதும் பயன்படுத்துவதும் தடை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இதில் கெடுபிடி அதிகம். விவரம் தெரியாமல் பையில் வைத்திருந்த வெளிநாட்டுச் சுற்றுலாக்காரர்களையே விமான நிலையத்தில் பிடித்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் மாதிரிக் கருவிகளும் இதே வம்பில் மாட்டும். ஒரு பக்கம் கூடங்குளம், எதிர்க்கரையில் இலங்கை. இந்தக் கரையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வாக்கிடாக்கி என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு. பொம்மை மாதிரிச் சின்னதாக, உரிமம் தேவையில்லை என்று விற்பது 446 மெகாஹெர்ட்ஸில் அரை வாட்டில் பேசும். 2018 விதிகளில் இந்தியாவும் 446.0 முதல் 446.2 வரை உரிமத்திலிருந்து விலக்கியிருக்கிறது. கரையில் நிற்கும் மச்சானிடம் "சாப்பாடு வந்தாச்சா" என்று கேட்க அது போதும். கப்பல்களும் கடலோரக் காவல்படையும் அந்த அலைவரிசையைக் கேட்பதே இல்லை. இரண்டாவது, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவர்கள் வைத்திருக்கும் ஹாம் செட். பரீட்சை எழுதி ஹாம் உரிமம் வாங்கியவருக்கும் கடல் அலைவரிசையில் பேச அந்த உரிமம் இடம் கொடுக்காது. மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது: கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் கடல் வி.எச்.எஃப். ரேடியோ செட். அதன் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கும் அழைப்புக்கும் பொது.

இந்த மூன்றாவது வகைக்கு அனுமதி கட்டாயம். 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி செட்டைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். அதற்கும் 1885 தந்திச் சட்டத்துக்கும் பதிலாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும் அலைவரிசை அரசுடையது, அதைத் தொட அனுமதி வேண்டும் என்பது மாறவில்லை. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவுக்கு, சரல் சஞ்சார் இணையதளம் வழியாக. கருவிக்கு உரிமம் தனி, அதைக் கையாளுகிறவருக்குச் சான்று தனி. இரண்டும் வேண்டும் என்பது சர்வதேச ரேடியோ விதியே. வகை அனுமதி பெறாத செட்டை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால் சுங்கத்திலேயே நிற்கும். அதனால் துபாயில் வாங்காதீர்கள். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடைகளில் விசாரித்து, இங்கே அனுமதி பெற்ற மாடலை வாங்குவதே நிம்மதி.

அங்கே வாங்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நல்ல செட்டுகளில் டி.எஸ்.சி. என்ற வசதி உண்டு. சிவப்பு மூடியைத் தூக்கி உள்ளே உள்ள பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால், 70-ஆம் சேனலில் உங்கள் படகின் ஒன்பது இலக்க எண்ணும் நிற்கும் இடமும் டிஜிட்டலாகப் போகும். பக்கத்துக் கப்பல்களில் மணி அடிக்கும். எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அந்த எண் இந்தியப் படகென்றால் 419 என்று தொடங்க வேண்டும். துபாயில் எவனோ பயன்படுத்திய செட்டை வாங்கினால் அதில் 470 என்று தொடங்கும் அமீரக எண் ஏறியிருக்கும். நீங்கள் உவரியில் தத்தளிக்கும்போது அங்கே செட்டின் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போன் போகும். எண்ணே ஏற்றாத செட்டில் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. குழந்தைகள் விளையாட்டாக அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. 16-இல் வந்து படகின் பெயரைச் சொல்லி, தவறுதலாகப் போன அழைப்பு, ரத்து செய்கிறேன் என்று அறிவிக்க வேண்டும்.

உரிமத்தைவிட முக்கியமான கேள்வி, நீங்கள் பேசுவது எவ்வளவு தூரம் போகும் என்பது. நான் கப்பலில் ரேடியோ பக்கம் வேலை பார்த்தவன். கரையில் பலரும் நினைப்பது, வாட் கூடினால் தூரம் கூடும் என்று. வி.எச்.எஃப். டார்ச் வெளிச்சம் மாதிரி ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவு மறைத்தால் நின்றுவிடும். கணக்கு எளிது. இரு பக்க ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, இரண்டுக்கும் வர்க்கமூலம் கண்டு கூட்டி, 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைலில் தூரம் வரும். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். உட்கார்ந்த வாக்கில் கையில் பிடித்த செட் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர். இன்னொரு வள்ளத்தில் அதேபோல் ஒருவர் வைத்திருந்தால் நாலரை மைலோடு சரி. குமரிமுனையைச் சுற்றிப் போகும் கப்பல் ஒன்றின் ஆன்டெனா 36 மீட்டர் உயரத்தில் இருந்தால் 15 மைல். தூத்துக்குடியில் 100 மீட்டர் கோபுரமே இருப்பதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 24 மைல்தான் வரும். உவரியிலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டில் 30 மைலுக்கு மேல். ஆக, கைச்செட்டில் "கோஸ்ட் கார்டு" என்று நீங்கள் கத்துவது அங்கே போகாது. கேட்கிறவர்கள், அந்த நேரம் உங்களைச் சுற்றிக் கடலில் இருப்பவர்கள் மட்டுமே.

அவர்கள் யார்? நம்ம மீனவர்கள். கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி, கூடுதாழை வள்ளங்கள். இங்கே கவனியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் தொழிலுக்குப் போகமாட்டார்கள், பூசைக்குப் போவார்கள். உங்களுக்குக் குடும்பத்தோடு கடலுக்குப் போகத் தோதான நாளும் ஞாயிறுதான். அன்றைக்குக் கடல் காலியாக இருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஒரு படகும் இருக்காது. பள்ளிக்கூட லீவும் இப்படியே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகள் போகும், விசைப்படகுகள் போகாது. உயரமான ஆன்டெனாவும் 25 வாட் செட்டும் பெரும்பாலும் விசைப்படகில்தான். பாதுகாப்புப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கிழமையைப் பார்த்துப் புறப்படுங்கள். சனிக்கிழமை காலை ஆறு மணி, ஞாயிறு பத்து மணியைவிட எத்தனையோ மேல்.

அதனால் என் கணக்கில் ரேடியோவுக்கு முந்தியது கரையில் ஒரு ஆள். உவரியில் தொழில் தெரிந்த ஒருவரிடம், படகில் யார் யார், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி ஆனால் 1554-க்கு அடிக்க வேண்டும். அது கடலோரக் காவல்படையின் இலவச எண். தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கரையை ஒட்டியே ஓடினால் கைப்பேசியில் சிக்னல் இருக்கும், படகிலிருந்து நீங்களே அழைக்கலாம். தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள், சட்டைப் பையில் வேண்டாம்.

அழைப்பது எப்படி என்பதையும் வீட்டுக்காரம்மா உட்பட எல்லோருக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் விழுவது நீங்களாகவே இருக்கலாம். 16-ஆம் சேனல், முழு வாட். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி கழித்துப் பேசத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். படகின் பெயர் தாமிரா என்று வைத்துக்கொள்வோம்:

"மேடே, மேடே, மேடே. திஸ் இஸ் தாமிரா, தாமிரா, தாமிரா. மேடே தாமிரா. உவரி மாதா கோவிலிலிருந்து தென்கிழக்கே மூன்று மைல். எட்டு டிகிரி பதினாலு பாயிண்ட் ஆறு மினிட் நார்த், எழுபத்தேழு டிகிரி ஐம்பத்தஞ்சு பாயிண்ட் ஏழு மினிட் ஈஸ்ட். படகில் தண்ணி ஏறுது, எஞ்சின் நின்னுட்டு. உடனே உதவி வேணும். அஞ்சு பேர், ரெண்டு பிள்ளைங்க. எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கோம். வெள்ளைப் படகு, ஆரஞ்சு தார்ப்பாய். ஓவர்."

பிறகு கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் மற்றவர் பேசுவது உங்களுக்கும் கேட்காது, பக்கத்தில் வேறு யாராலும் பேசவும் முடியாது. மேடே, திஸ் இஸ் மாதிரித் தலைப்புச் சொற்கள் மட்டும் இங்கிலீஷில் இருந்தால் போதும். மற்றதைத் தமிழில் சொல்லலாம், பக்கத்து வள்ளத்துக்கு அதுதான் உடனே புரியும். கப்பலுக்கானால் இங்கிலீஷில் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, எஞ்சின் மட்டும் நின்றது, நங்கூரம் பிடித்திருக்கிறது என்றால் மேடே கூடாது, "பான் பான்" மூன்று முறை. பிறத்தியார் மேடே கேட்டால் வாயை மூடிக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால் மட்டும் நீங்கள் பதில் கொடுத்து, அதை "மேடே ரிலே" என்று முன்னே தள்ளிவிடுங்கள். சாதாரண நாளில் 16-இல் கூப்பிட்டதும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். அங்கே பாட்டுப் போடுவதும் ஊர்க்கதை பேசுவதும் நம் கடலில் நடக்கிறது, ஒருநாள் ஒருவன் உயிர் அதற்குள் அமுங்கும்.

இடம் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கைப்பேசி 8.243 என்று காட்டும். அது டிகிரியின் பின்னம், 8 டிகிரி 14.6 நிமிடம். அதையே அவசரத்தில் 8 டிகிரி 24.3 நிமிடம் என்று வாசித்தால் பத்து மைல் வடக்கே, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் உங்களைத் தேட வேண்டியிருக்கும். கைப்பேசியிலும் ஜி.பி.எஸ்ஸிலும் டிகிரி, நிமிடம் என்று காட்டும்படி கரையிலேயே அமைத்துவிடுங்கள். இயந்திரம் எல்லாம் நனைந்துபோனால் கைகள் இருக்கின்றன: இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக ஏற்றி இறக்குவது, சர்வதேச விதியில் உள்ள ஆபத்துச் சைகை. தூரத்தில் ஒரு வள்ளத்தில் அப்படி யாராவது செய்தால் டாட்டா காட்டுகிறார்கள் என்று நினைத்துக் கடந்து போய்விடாதீர்கள்.

படகுப் பதிவு பற்றிச் சுருக்கமாக. மீன்வளத்துறைப் பதிவு, 1983 தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, மீன்பிடிப் படகுக்கு உரியது. அந்த எண்ணை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆள் ஏற்றுவது தவறு, விபத்து என்றால் காப்பீடும் கைவிடும். உல்லாசப் படகுக்குத் தமிழ்நாடு கடல்சார் வாரியத்தில் கேளுங்கள். கடலோரக் காவல் நிலையத்திலும் படகு, எஞ்சின் எண், ஆட்கள் விவரத்தைக் கொடுத்து வையுங்கள். எல்லோரும் ஆதார் நகல் வைத்திருங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஊர்க் கமிட்டியிடம் கேட்க வேண்டும். கரை அவர்கள் தொழில் செய்யும் இடம். எழுத்தில் இல்லாவிட்டாலும் அந்த அனுமதி இல்லாமல் அங்கே படகு நிற்காது, ஆபத்தில் தேடி வருவதும் அவர்களே.

உயிர்க்காப்பில் மூன்றே விஷயத்தில் நான் கறார். ஒன்று, லைஃப் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் இருப்பது கணக்கில் சேராது. 50 நியூட்டன் என்று எழுதியது நீச்சல் தெரிந்தவருக்கு உதவி மட்டும். கடலுக்குக் குறைந்தது 100, நீச்சல் தெரியாதவருக்கு 150 வாங்குங்கள். போட்டுக் கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரை ஏறினால் அது அளவில்லை. பிள்ளைகளுக்கு எடை பார்த்துத் தனியாக, கால் இடுக்கு வார் உள்ளதாக வாங்க வேண்டும். வளர்ந்தால் போடட்டும் என்று பெரிதாக எடுக்கிற நம் பழக்கம் இதில் ஆகாது. இரண்டு, எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு ஓட்டுகிறவர் காலிலோ மணிக்கட்டிலோ மாட்டியிருக்க வேண்டும். ஆள் விழுந்தபின் சுக்கான் பிடிக்க ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே காற்றாடியோடு வரும். மூன்று, ஆள் கணக்கு. 18 அடியில் ஐந்து பேருக்கு மேல் நான் ஏற்றமாட்டேன், படகில் எத்தனை சீட் போட்டிருந்தாலும். 2009 தேக்கடியில் 45 பேர், 2023 தானூரில் 22 பேர் போனதை மறக்க வேண்டாம். நம் பக்கத்திலேயே 2017 பிப்ரவரியில் மணப்பாட்டில் சுற்றிப்பார்க்க வந்தவர்களை ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு.

கடலில் வழி விதிகள் 1972-இல் ஆனவை, சிறு படகுக்கும் பொருந்தும். எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். குறுக்கே வருபவர் உங்கள் வலப்பக்கம் இருந்தால் நீங்கள் விலக வேண்டும். ஆனால் கப்பலுக்கு முன்னால் விதி பேசாதீர்கள், அவர்களுக்கு உங்களைத் தெரியவே தெரியாது. மோதுமா என்று பார்க்க ஒரு வழி: உட்கார்ந்த இடம் மாறாமல், அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உள்ள கயிற்றுக் கட்டைக்கு நேராகக் கப்பலைப் பாருங்கள். சிறிது நேரம் கழித்தும் கப்பல் அதே கட்டைக்கு நேரே நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும். உடனே திசை மாற்றுங்கள். அது ஐந்து முறை குட்டையாக ஊதினால், உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

இழுவைக் கப்பல் விஷயம் இந்தக் கரைக்கு விசேஷம். கூடங்குளத்துக்குக் கனரகச் சாமான்கள் தூத்துக்குடியிலிருந்து மிதவையில் இழுத்து வரப்படுகின்றன. 2023 செப்டம்பரில் நீராவி உற்பத்திக் கருவிகளோடு வந்த மிதவை ஒன்று கயிறு அறுந்து பாறையில் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும். இழுக்கும் கப்பலுக்கும் பின்னால் வரும் மிதவைக்கும் நடுவே கடல் காலியாகத் தெரியும், அதில் புகுந்தால் தண்ணீருக்கடியில் கிடக்கும் கம்பிவடம் படகை இரண்டாக்கும். கட்டின நீளம் 200 மீட்டருக்கு மேல் என்றால் பகலில் வைர வடிவக் கறுப்பு அடையாளம், இரவில் செங்குத்தாக மூன்று வெள்ளை விளக்கு. அணுமின் நிலையக் கரையை நெருங்கவே நெருங்காதீர்கள். மீனவர் வலை கிடக்கும் இடத்தில் கொடி மிதவை இரண்டு முனையிலும் இருக்கும், சுற்றிப் போங்கள். ஒரு வலையை அறுத்தால் அந்தக் கரையில் உங்கள் படகோட்டம் அன்றோடு சரி.

காற்று பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ராதாபுரம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர். ஆனி ஆடிக் கச்சான் வீசும் மாதங்களில் சிறு படகை வீட்டிலேயே போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல். ஒக்கி வந்தது 2017 நவம்பர் கடைசியில். ஜனவரி முதல் மார்ச் வரை, அதுவும் காலையில், கடல் பெரும்பாலும் பதமாக இருக்கும். கிளம்புமுன் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிவிப்பில் "கள்ளக்கடல்" என்று இருக்கிறதா பாருங்கள். எங்கோ தெற்குப் பெருங்கடலில் கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையில் எழும்பும். துறைமுகம் இல்லாத ஊரில் ஆபத்து நடுக்கடலைவிட அலை உடையும் இடத்தில்தான் அதிகம், இறங்கும்போதும் ஏறும்போதும். கல் கொட்டிக் கட்டிய அலைத்தடுப்பான தூண்டில் வளைவுக்கு உள்ளே மறைவான பக்கத்தில் இறக்குங்கள், முதல் சில தடவை ஊர்க்காரர் ஒருவரை ஓட்ட வையுங்கள்.

கடைசியாக அணை. பாபநாசம் அணை எனப்படும் காரையாறு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, மணிமுத்தாறு அதன் வாசலில். வனத்துறை, நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் அங்கே சொந்தப் படகு இறக்குவது நடக்காது. காரையாற்றிலிருந்து பாணதீர்த்தத்துக்கு முன்பு படகு போனதைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம், அதுவும் நின்றுபோயிற்று. எஞ்சின் வைத்த படகை உள்நாட்டு நீரில் ஓட்ட 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் தகுதிச் சான்றும் தேவை. தாமிரபரணியிலோ தலையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு குறுக்கே கிடக்கிறது. அணைக்கட்டுத் தண்ணீர் விழும் அடியில் நீர் பின்னோக்கிச் சுழன்று, விழுந்ததை வெளியே விடாமல் சுவரோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் அது விடாது. மழைக்காலத்தில் மேலே மதகு திறந்தால் ஆறு மணிக்கணக்கில் மாறிவிடும், 2023 டிசம்பரில் பார்த்தோமே. அதனால் ஆற்றில் படகு என்றால் எஞ்சின் இல்லாமல், இரண்டு அணைக்கட்டுக்கு நடுவே நீர் தேங்கி நிற்கும் இடத்தில், கோடையில் மட்டும்.